கடுகிடம் சொன்னவை

பிப்ரவரி 4

தம்பிக்கு,

போனில் சொன்னால் சிரித்துச் சிரித்தே மழுப்பிவிடுவாய். கடைசியில் எதற்குக் கூப்பிட்டேன் என்று எனக்கே மறந்துபோகும். அதனால்தான் கடிதம். இதற்கு நடுவில் புகுந்து நீ ஜோக் அடிக்க முடியாது. உட்கார்ந்து முழுவதையும் படி.

என் மகளுடைய ஏழாவது பிறந்தநாளுக்கு ஒரு பொம்மை வண்டு அனுப்பினாயே, கட்டைவிரல் நகம் அளவுக்கு, அது இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. உங்கள் பொம்மைக் கம்பெனி இன்னும் கடைக்கே அனுப்பாத சரக்கு, இந்த ஊரில் வேறு எந்தப் பிள்ளையிடமும் இருக்காது என்று பெருமையடித்துக்கொண்டாய். முதல் வாரம் நானும் ரசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். டம்ளர் விளிம்பில் கீழே விழாமல் சுற்றி வந்தது. அவள் ஏதாவது சொன்னால் 'ம்' என்றது. அவள் நிறுத்தினால் 'அப்புறம்?' என்றது. அதற்குக் கடுகு என்று பெயர் வைத்தாள்.

இப்போது வீட்டில் கடுகு வைத்ததுதான் சட்டம். எழுந்ததும் கடுகு, பல் தேய்க்கும்போது கடுகு. போன வாரம் அது தலையணை உறைக்குள் புகுந்துகொண்டது தெரியாமல் வீட்டையே தலைகீழாகப் புரட்டினோம். அவள் அழுத அழுகைக்குக் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். நான் வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அங்கே அதனிடம் குசுகுசுவென்று ஓயாத பேச்சு. என்னிடம் கேட்ட கேள்விக்கு ஒரு சொல், அதுவும் 'ம்ஹும்', இல்லாவிட்டால் 'தெரியாது'. காலைச் சுற்றிச் சுற்றி வந்து நச்சரித்த பிள்ளை இவள். உன் அத்தான் லாரியில் ஏறினால் பத்து நாள் கழித்துத்தான் முகத்தைக் காட்டுவார். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி மேஜைக்கு அடியில்.

இவள் மட்டும் என்றால் என் வளர்ப்பு சரியில்லை என்று பேசாமல் இருந்திருப்பேன். வகுப்பு முழுக்க இதே பைத்தியம். எறும்பு, தேரை, சிலந்தி என்று ஆளுக்கொரு குட்டிப் பொம்மை. இவளுடையது போலப் பேசாது, ஓடும், மின்னும், அவ்வளவுதான். பென்சில் டப்பாவுக்குள் ஒன்று, சட்டைக் கை மடிப்புக்குள் ஒன்று. டீச்சர் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் வாங்கிப் போடுகிறார். கணக்குப் பாடம் முடியும்வரை அந்த டப்பா மேஜைமேல் கிர்ரென்று அதிர்ந்துகொண்டே இருக்கிறதாம்.

நேற்று நடந்ததையும் கேள். என் காது கிளினிக்குக்கு வரும் ஒரு சின்னப் பெண், இரண்டாம் வகுப்பு. ஆறு மாதம் அவளோடு மல்லுக்கட்டி, கெஞ்சி, காது மிஷினைப் போட்டுக்கொள்ளப் பழக்கியிருந்தேன். அதைக் கழற்றி இரண்டு பொம்மை எறும்புக்கு மாற்றிக்கொண்டுவிட்டாள். வாங்கிக்கொண்ட பிள்ளை, மிஷின் கண் சிமிட்டவில்லை, நடக்கவில்லை என்று மைதானத்தில் வீசியிருக்கிறது. அவளுடைய அம்மா என் மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். அந்தப் பெண் கையில் எறும்பை வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றது. நாங்கள் பேசியது எதுவும் அதற்குக் கேட்கவில்லை.

உங்கள் கம்பெனியில் உனக்கு என்ன வேலை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் செய்தவர்களில் ஒருவன் நீ. இந்தச் சனியனிடமிருந்து என் பிள்ளையைப் பிரித்து எடுப்பது எப்படி என்று நீயே சொல். இல்லாவிட்டால் சுத்தியலை எடுத்துவிடுவேன்.

அக்கா

* * *

பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

நீ 'அன்புள்ள' போடவில்லை. கவனித்தேன். நான் போட்டுவிட்டேன்.

சுத்தியல் என்றதும் எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. நான் ஏழாவது படிக்கும்போது கால்குலேட்டரை விட்டு நகர மாட்டேன் என்கிறேன் என்று அதைத் துணி துவைக்கும் மிஷினுக்குள் ஒளித்து வைத்தாய். பிறகு மறந்துபோய்த் துவைத்தும் விட்டாய். அதற்குப் பிறகு அதில் எதைக் கூட்டினாலும் எட்டுதான் வந்தது. உன் கண்டிப்பில் எனக்குக் கிடைத்தது அந்த எட்டுதான்.

சரி, சரி, முறைக்காதே. அந்தச் சின்னப் பெண்ணின் மிஷின் விஷயம் கேட்டு எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளைகள் கையில் அடங்குகிற பொருளுக்கு ஆசைப்படுவது இன்றைக்கு நேற்றா? பெரிய பொம்மை வீட்டுக்குச் சொந்தம். சின்னது அவர்களுக்கே சொந்தம், மூடின கைக்குள் இருப்பது பெரியவர்கள் கண்ணில் படாது. எங்கள் கூட்டங்களில் இதைத்தான் பேசுகிறோம். ஒவ்வொரு வருஷமும் இன்னும் சின்னதாகச் செய்யச் சொல்கிறார்கள்.

உனக்கு வழிதானே வேண்டும்? கடுகை ஒரேயடியாகப் பிடுங்காதே. பிடுங்கினால் அடம் இரண்டு மடங்காகும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சார்ஜ் டப்பாவில் போடச் சொல். அவளை உனக்கு வலது பக்கமாக உட்கார வைத்துக்கொள், எதிரில் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று நீயாகக் கேள். மெதுவாகத்தான் சொல்வாள், குரலே எழும்பாது. அதற்காக "என்ன முணுமுணுக்கிற?" என்று பாயாதே. கடுகு செய்கிற வித்தையும் அவ்வளவுதான் அக்கா. 'ம்' என்கிறது. 'அப்புறம்?' என்கிறது. நீயும் சொல்லிப் பார்.

அத்தான் வந்தால் நான் கேட்டதாகச் சொல். வாண்டுவுக்கு முத்தம்.

உன் அன்புத் தம்பி

* * *

பிப்ரவரி 17

தம்பிக்கு,

'வலது பக்கமாக' என்று ஏன் எழுதினாய்?

நாலு தடவை படித்துவிட்டேன். 'பக்கத்தில்' என்று எழுதியிருந்தால் மேலே போயிருப்பேன். வலது பக்கம் என்று குறித்து எழுதியிருக்கிறாய்.

நவம்பரிலிருந்து என் இடது காது சரியாகக் கேட்பதில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அத்தானுக்குத் தெரியாது. கிளினிக்கில் யாருக்கும் தெரியாது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் சத்தம் புகாத அறைக்குள் தனியாகப் போய் ஹெட்போனை மாட்டிச் சோதித்துப் பார்த்தேன். நானே குமிழைத் திருப்பி நானே பொத்தானை அழுத்தினால் அது சோதனையா? எப்போது ஒலி வரும் என்று கைக்குத் தெரியும். கேட்காததற்கும் அழுத்தினேன். வரைபடம் அழகாக வந்தது. கிழித்துக் குப்பையில் போட்டேன். காது கேட்காதவள் பிறத்தியார் காதைச் சோதிப்பதா என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் என் வேலை என்ன ஆகும் என்று பயம். என் மகளுக்குக்கூட நான் சொல்லவில்லை.

யாருக்கும் தெரியாதது, எட்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிற உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

யோசித்தேன். அவள் குளிக்கப் போனபோது கடுகை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். நீ மறந்திருப்பாய், இந்த அளவு பொருளைத் திறந்து மூடுவதுதான் என் பிழைப்பு. பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து வயிற்றைப் பிளந்தேன். மைக் இருக்கும் என்று தெரியும், இல்லாவிட்டால் 'ம்' சொல்ல முடியாது. ஆனால் 'ம்' சொல்வதற்குக் குரல் வந்தால் போதுமே, அதைச் சேர்த்து வைக்கச் சில்லு எதற்கு? ஓரமாகச் சுருட்டி வைத்த ஆன்டெனா எதற்கு? நாங்கள் காது மிஷினில் பொருத்துகிற அதே மாதிரி ஆன்டெனா. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் எனக்குத் தெரியும்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சார்ஜ் டப்பாவுக்கு வீட்டு வைஃபை பாஸ்வேர்டைப் போடச் சொல்லி எனக்குப் போனில் படித்துப் படித்துச் சொன்னது நீதான். "அப்டேட்டுக்கு வேணும்க்கா" என்றாய்.

நீ எங்கள் வீட்டை ஒட்டுக் கேட்டாயா? ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் வேண்டும். கதை வேண்டாம். போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். மைக் வைத்த எதற்கு முன்னாலும் உன்னோடு இனி பேசுவதாக இல்லை.

அக்கா

* * *

பிப்ரவரி 24

அக்கா,

ஆம்.

நீ கேட்ட ஒரு வார்த்தை அவ்வளவுதான். மீதியையும் எழுதுகிறேன். படிப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

என் வேலை என்ன என்று புரியவில்லை என்றாயே. கேட்பதுதான் என் வேலை. கம்பளம் விரித்த ஒரு கூடத்தில் பன்னிரண்டு பேர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சோதனைக்குக் கொடுத்த பொம்மைகளிலிருந்து குழந்தைகளின் பேச்சு துண்டு துண்டாக வரும். ஒரு துண்டு ஏழெட்டு விநாடி, நாளைக்கு முந்நூறு துண்டு. சொன்னதைத் தட்டச்சு செய்து, எதிரே சிரிப்பு, கோபம், பயம், விளையாட்டு என்று ஒரு கட்டத்தைக் குறிக்க வேண்டும். அதை வைத்துப் பொம்மைக்குப் பேச்சு பழக்குவார்கள். பெயர் இருக்காது, ஊர் இருக்காது, வெறும் எண். ஒருவர் சிரிக்கும்போது இன்னொருவர் கண்ணைத் துடைப்பார். எதற்கு என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

சோதனை வீடுகள் குறைகின்றன, தெரிந்தவர்கள் இருந்தால் கொடுங்கள் என்றார்கள். ஒரு சம்மதப் படிவம் இருந்தது. உன்னிடம் காட்டியிருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாய். 'குழந்தையின் பொறுப்பாளர்' என்ற இடத்தில் நானே போட்டுவிட்டேன். மாமன்தானே என்று நினைத்தேன்.

டிசம்பரில் ஒரு மத்தியானம் திடீரென்று வாண்டுவின் குரல் காதுக்குள் வந்தது. முதலில் சிரித்தேன். அப்புறம் அந்த எண்ணைத் தேடித் தேடி எடுத்துக்கொள்ள ஆரம்பித்தேன். உண்மையைச் சொல்லட்டுமா? இந்த ஊரில் ஒரு நாளில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் அவள்தான், அவளுக்கே தெரியாமல். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் பேச்சைக் கேட்பேன். ஜனவரியில்தான் உன் காதைப் பற்றிச் சொன்னாள். நீ சொல்லவில்லை, சரி. அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். உன் பிள்ளை என்ன முட்டாளா?

நான் செய்தது தப்பு. ஆயிரம் தடவை எழுதச் சொன்னாலும் எழுதுகிறேன். ஆனால் எனக்கும் கோபம் இருக்கிறது. காது கேட்காத பிள்ளைகளைத் தாமதமாக அழைத்து வருகிற அம்மாக்களை உட்கார வைத்து "இத்தனை நாளு என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று வாங்கு வாங்கென்று வாங்குபவள் நீ. உன் காதை மூன்று மாதமாக மூடி மறைத்தவளும் நீயேதான். கேட்காததற்கும் பொத்தானை அழுத்தினாய் பார், அது உன் சுபாவமே அக்கா. யாரும் உன்னை ஒன்றும் சொல்லிவிடக் கூடாது. பிள்ளை வாயைத் திறக்கவில்லை என்று பொம்மைமேல் பழியைப் போட்டாய். அவள் பேச ஆள் தேடி மேஜைக்கு அடியில் போனதற்குக் காரணம் நான் இல்லை.

புதிய கடுகு ஒன்று அனுப்பட்டுமா? இதில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அனுப்புகிறேன்.

தம்பி

* * *

மார்ச் 2

புதிய கடுகா? உனக்கு வெட்கமாக இல்லையா?

ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டு, பிளந்த கடுகை நான் கைப்பையில் அப்படியே வைத்திருந்தேன். அவள் பென்சில் தேடி என் பையைத் திறந்திருக்கிறாள். இரண்டு துண்டாகப் பார்த்துவிட்டாள். அழவில்லை. ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனாள். அதோடு வாயை மூடியவள்தான், இன்றைக்கு ஒன்பது நாள். டீச்சர் கேட்டாலும் தலையாட்டல்தான். நேற்று உன் அத்தான் வழியிலிருந்து கூப்பிட்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டு மூச்சு மட்டும் விட்டாள். அவர் மறுமுனையில் "குட்டிமா, குட்டிமா" என்று கத்தியது எனக்கே கேட்டது. நான்தான் கடுகைக் கொன்றேன் என்று அவளுக்குத் தெரியும். ஏன் கொன்றேன் என்று நான் எப்படிச் சொல்வேன்? உன் மாமா உன்னை ஒட்டுக் கேட்டான் என்று என் வாயால் சொல்லவா?

இன்னொன்று. கடுகு கடைக்கு வந்துவிட்டது, தெரியுமல்லவா? கிளினிக்கில் காத்திருந்த ஒரு குழந்தை அதைப் பையிலிருந்து எடுத்தது. எடுத்ததும் அது சொல்கிறது: "ஏன் இவ்ளோ லேட்டு? உன் பேச்சு கா! ஆனா கொஞ்ச நேரந்தான்." லாரியிலிருந்து அப்பா தாமதமாகக் கூப்பிட்டால் என் பிள்ளை சொல்வது அது. 'ஆனா கொஞ்ச நேரந்தான்' என்பதுவரை அவள் சொன்னது அப்படியே. வேறு குரலில் யாரோ ஒரு பிள்ளையின் கையில் உட்கார்ந்து அது பேசுகிறது. அந்தக் குழந்தையின் அம்மா, "க்யூட்டா பேசுது இல்ல?" என்றாள்.

என் சுபாவத்தைப் பற்றி நீ எழுதியதில் பொய் இல்லை. அதை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு வேண்டியது இரண்டு. என் காதைப் பற்றி அவள் என்ன சொன்னாளோ அதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதி அனுப்பு. அப்புறம் நீ நேரில் வந்து, அவள் எதிரில் உட்கார்ந்து, உள்ளே இருந்து கேட்டது யார் என்று சொல். அதுவரை எனக்குத் தம்பி கிடையாது.

* * *

மார்ச் 8

அக்கா,

'கா' விஷயம் உண்மை. அந்த வாக்கியத்தை 'அருமை' என்று குறித்து மேலே அனுப்பியது நான்தான். மேலாளர் கூடத்தில் எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டினார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இந்த வாரம் போய் அதை எடுத்துவிடச் சொன்னேன். கரைந்த உப்பைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டார். மீதமிருந்த அவள் துண்டுகளை நானே அழித்தேன். அது விதிமீறல். என்னை அட்டைப்பெட்டி மடிக்கிற பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். உன்னிடம் இரக்கம் வாங்க எழுதவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அழிப்பதற்கு முன் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டது இது. ஜனவரி இருபதாம் தேதி, அடுத்தடுத்து வந்த துண்டுகள்.

"அம்மா. அம்மா. அம்மா. அம்மா."

"அம்மா... அம்மா, டீச்சர் எனக்கு ஸ்டார் போட்டாங்க. அம்மா."

"பாத்தியா கடுகு? இந்தப் பக்கம் நின்னு பத்து தடவ கூப்பிட்டேன். திரும்பவே இல்ல. அந்தப் பக்கம் போயி கத்தினா, ஏன் இப்படிக் கத்துறேன்னு திட்டுறா."

"அம்மாக்கு இடது காது கேக்காது. கண்ணாடி முன்னாடி தானா பேசிக்கிட்டா. தெரிஞ்சா வேலைய விட்டு அனுப்பிருவாங்களாம். நீ யார்கிட்டயும் சொல்லாத. சத்தியம் பண்ணு."

"ம்னு சொல்லாத, சத்தியம்னு சொல்லு."

"சரி விடு. ஸ்டார் எதுக்குன்னு உன்கிட்டச் சொல்றேன். நீயாவது கேளு."

கடைசித் துண்டுக்கு நான் 'விளையாட்டு' என்று குறித்தேன். வேறு எந்தக் கட்டமும் பொருந்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அவளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கதவை மட்டும் திற.

தம்பி

* * *

மார்ச் 20

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிளினிக்கில் கூடவே வேலை செய்யும் பெண்ணிடம், "நீ குமிழைத் திருப்பு, நான் உள்ளே உட்கார்றேன்" என்றேன். இந்த முறை கேட்டதற்கு மட்டும் பொத்தானை அழுத்தினேன். நிறைய நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வரைபடத்தில் இடது பக்கக் கோடு பாதாளத்துக்குப் போயிருந்தது. டாக்டர் பார்த்தார். நரம்புக் கோளாறு, போனது போனதுதானாம், முதல் வாரமே வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருப்பாராம். அந்த அம்மாக்களிடம் நான் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார். வாயை மூடிக்கொண்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. மிஷின் போட்டுக்கொண்டேன். இதெல்லாம் நீ வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே முடிந்துவிட்டது. முடியை முன்னால் இழுத்துவிட்டிருந்தேன், நீ கவனிக்கவில்லை.

நீ மேஜைக்கு அடியில் தவழ்ந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது நான் சமையலறையில் இருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை. மிஷின் புதியது, அதற்கு வேண்டியது வேண்டாதது என்ற பேதம் இன்னும் தெரியவில்லை, எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டுகிறது. நீ சொன்னது கேட்டது. சுற்றி வளைக்காமல் சொன்னாய், அதற்காக ஒரு நன்றி. மூன்று வாரம் கழித்து அவள் வாயைத் திறந்ததும் கேட்டது.

"ம்னு சொன்னது நீயா மாமா?"

"இல்லடா. அது பொம்மையே சொல்லிக்கும்."

"ஆனா நான் பேசினதெல்லாம் நீ கேட்டியா?"

"கேட்டேன்."

"அப்போ ஏன் நீ ஒண்ணுமே சொல்லல?"

நீ எழுந்த வேகத்தில் மேஜையில் தலையை இடித்துக்கொண்டதும் கேட்டது. ஆற வைத்த காபியைக் குடிக்காமல், அவளுக்குப் பதிலும் சொல்லாமல், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாய். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நீ கேட்டது ஒரு குற்றம். நான் திட்டுகிறேன் என்றும் அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோகிறாள் என்றும் தெரிந்தும், மத்தியானச் சாப்பாட்டோடு அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. டிக்கெட் எடுத்து அன்றைக்கே வந்திருக்கலாம். ஒரு போன் செய்து, "அக்கா, உன் காதைக் காட்டு" என்று சொல்லியிருக்கலாம். பொம்மைகூட 'அப்புறம்?' என்று கேட்டது.

நீ போன பிறகு அவள் வந்து என் முடியை ஒதுக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டாள், சின்னப் பொருள் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தேன். கடுகைத் தூக்குவது மாதிரியே இரண்டு விரலால் தூக்கித் திருப்பி, அடியில் மைக் துளை எங்கே என்று தேடினாள். கண்டுபிடித்ததும் முகம் மாறிவிட்டது.

"இது எங்க அனுப்பும்?"

"எங்கயும் அனுப்பாது. என் காதுக்கு மட்டுந்தான்."

"சார்ஜ் போடும்போதுகூடவா?"

"அப்பகூட."

"மாமாவுக்கு?"

"யாருக்கும் இல்ல."

அதை என்னிடமே நீட்டினாள். பிறகு, "மாட்டு" என்றாள். மாட்டினேன். என் இடது பக்கமாகச் சுற்றி வந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, கடுகிடம் பேசுகிற அதே குசுகுசுப்பில் ஒன்று சொன்னாள். கேட்டது. நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அப்புறம்?" என்றேன். மேலே சொன்னாள். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன்.

அவள் என்ன சொன்னாள் என்று உனக்கு எழுதப்போவதில்லை.

அக்கா